பயற்று வேர் தலைகுனிந்த கதை

அந்தக் காலத்தில் செடி பேசும், மண் பேசும், மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிற பொடிசுகளும் பேசும். பேசினால் மனிதர்கள் நின்று கேட்பார்கள். இன்றைக்கு யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? சரி, அதை விடுங்கள். தட்டாம்பயறு செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வந்தேன். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வயிறு எரிகிற கதை இது. நடுவில் நான் நாலு வார்த்தை திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது தட்டாம்பயறு உலகத்திலேயே ஒரு காட்டில்தான் விளைந்தது. மழையை நம்பிய கரிசல் காடு. அந்தக் காட்டில் வெள்ளாமை செய்த சம்சாரியின் பெயர் விருமாயி. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். காட்டில் பாதிக்குச் சோளம் விதைப்பாள், பாதிக்குப் பயறு விதைப்பாள். சோளம் வயிற்றை நிரப்பும், பயறு பிள்ளைகளின் உடம்பில் தெம்பு வைக்கும். காய் பறித்து முடிந்ததும் ஒரு கலயம் பயற்றைச் சாம்பலில் புரட்டி, வாயைத் துணியால் கட்டி வைப்பாள். அடுத்த வருஷத்து விதை அதுதான். வேறு எங்கும் விதை கிடையாது. அந்தக் கலயம் ஒரு வருஷம் நிறையாமல் போனால் பயறு என்ற ஒன்றே பூமியில் இருக்காது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் செடி என்றால் ஒரே ஆள் இல்லை. அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். மேலே நிற்பவள் இலைக்காரி. வெயிலில் நின்று இனிப்புப் பாகு காய்ச்சுவது அவள் வேலை. கீழே இருப்பவள் வேர்க்காரி. இருட்டில் அலைந்து தண்ணீரும் சத்தும் தேடிக் கொண்டுவருவது அவள் வேலை. அக்கா சொன்னால் தங்கை கேட்பாள். தங்கை சொல்வதை அக்கா கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

இந்த வேர்க்காரியின் வீட்டில்தான் பொடியர்கள் குடியிருந்தார்கள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தால் அதில் ஒரு ஊர் ஜனம் இருக்கும், அவ்வளவு பொடிசு. ஆனால் அவர்களுடைய கைவேலையைப் பாருங்கள். காற்றில் சும்மா திரிகிற சத்தைப் பிடித்து, செடி தின்கிற பக்குவத்துக்குச் சமைத்துவிடுவார்கள். சோளத்துக்கு அது தெரியாது, கம்புக்குத் தெரியாது, ஏன், அவ்வளவு பெரிய ஆலமரத்துக்கும் தெரியாது. ஒரே ஒரு தொல்லை. வெட்டவெளியில் அவர்களுடைய அடுப்பு எரியாது, காற்று பட்டால் அணைந்துவிடும். மூடிய அறை வேண்டும், எரிக்கப் பாகு வேண்டும்.

அதனால் ஒரு ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு என்றால் பேசி வைத்தது இல்லை, பழகிப்போனது. பொடியர் வந்து வேரைத் தட்டுவார்கள். வேர்க்காரியின் உடம்பில் கட்டுச்சாறு என்று ஒன்று உண்டு. அது சுரந்து பரவுகிற இடத்தில் வேர் உப்பிக்கொண்டு வரும், உருண்டையாக ஒரு அறை எழும்பும். பொடியர் உள்ளே போய் அடுப்பு மூட்டுவார்கள். அவர்கள் சமைத்த சத்து மேலே போகும், மேலே காய்ச்சிய பாகு கீழே வரும். அவர்களுக்குத் தலைவி பொடிச்சி. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள். காலகாலமாக இப்படித்தான் நடந்தது.

ஒவ்வொரு சித்திரையிலும் சேர்மக்கோன் என்ற கீதாரி ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வருவார். அறுத்துப் போட்ட சோளக்காட்டில் ஆடுகளைக் கிடை போடுவார். ராத்திரியெல்லாம் ஆடுகள் அங்கேயே படுத்துக் கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து அடுத்த மழைக்கு மண் சத்து ஏறிக் கிடக்கும். விருமாயி அவருக்கும் அவர் ஆட்களுக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள். பயற்றங்காட்டுக்கு மட்டும் கிடை கிடையாது. எதற்கு? அதற்குத்தான் வீட்டுக்குள்ளேயே சமையல் நடக்கிறதே.

ஒரு வருஷம் சோளம் கதிர் வாங்கிய மிதப்பில் பக்கத்தில் நின்ற பயற்றைப் பார்த்து, எனக்காக முந்நூறு ஆடு நடந்து வந்து படுத்துவிட்டுப் போகிறதே, உனக்காக யார் வந்தார்கள் என்று கேட்டது. கேலிதான். கேலிக்குக் கேலியாகப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காலுக்குக் கீழே ஆயிரம் பேர் இராப்பகலாக வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோளம் வாயை மூடியிருக்கும். இலைக்காரிக்கு அது ஞாபகமே வரவில்லை. கண்ணுக்குத் தெரிகிற முந்நூறு ஆடு பெரிதாகப் போயிற்று, கண்ணுக்குத் தெரியாதவர்கள் ஆளாகவே படவில்லை. இந்தப் புத்தி இருக்கிறதே, இதை என்ன சொல்லித் திட்டுவது?

அன்று சாயங்காலமே அவள் விருமாயியிடம் முறையிட்டாள். எனக்கும் கிடை போடு, போடாவிட்டால் கலயத்தில் போடப்போகிற விதையில் ஒன்றுகூட முளைக்காது என்று சொல்லிவிட்டாள். விதையை வைத்து மிரட்டினால் எந்தச் சம்சாரிதான் கலங்க மாட்டாள்?

அடுத்த சித்திரையில் சேர்மக்கோன் வந்ததும் பயற்றங்காட்டிலும் ஐந்து ராத்திரி கிடை போடச் சொன்னாள். அவர் தலைப்பாகையைக் கழற்றி உதறிவிட்டு அவளைப் பார்த்தார்.

“பயத்தங்காட்டுக்கு யாராச்சும் கிடை போடுவாகளா தாயீ? அது தன் சோத்தத் தானே பாத்துக்கிடுமே.”

“அது கேக்குதண்ணே. மொளைக்க மாட்டேன்னு சொல்லுது. நான் என்ன செய்யட்டும்?”

காடு அவளுடையது. ஐந்து ராத்திரி கிடை போட்டுவிட்டுப் போய்விட்டார்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்தது. விருமாயி கலயத்தைக் கவிழ்த்துக் கடைசி மணி வரை விதைத்தாள். அந்த மழை சின்ன மழை, புழுக்கை கரையவில்லை. விதை முளைத்தது, வேர் இறங்கியது, பழக்கப்படி பொடியர் வந்து தட்டினார்கள். வேர்க்காரி கட்டுச்சாறு சுரந்தாள், அறைகள் எழும்பின. இருபதாம் நாள் ஒவ்வொரு அறையிலும் அடுப்பு எரிந்தது.

இருபத்தோராம் நாள் பெரிய மழை. புழுக்கை முழுவதும் கரைந்து மண்ணில் சத்து பெருகி ஓடியது. வேர்க்காரி நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தாள். சமைக்க வேண்டியதில்லை, யாருக்கும் பாகு கொடுக்க வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும். அள்ளி அள்ளி மேலே அனுப்பினாள். இலைக்காரி இரண்டே நாளில் கரும்பச்சையாகப் பளபளத்தாள். சோளத்தைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அப்புறம் கீழே குனிந்து தங்கையிடம் கேட்டாள். “ஏட்டி, சோறுதான் தரையில கொட்டிக் கெடக்குதே. அந்தப் பொடியருக்கு இன்னும் எதுக்கு என் பாகு? நிறுத்து.”

“உள்ள ஆளு இருக்காகக்கா.”

“இருந்தா இருக்கட்டும்.”

கேட்டீர்களா? இருந்தா இருக்கட்டுமாம். வெயிலில் தான் காய்ச்சிய பாகாம், அதனால் யாரை வேண்டுமானாலும் பட்டினி போடலாமாம். இத்தனை வருஷம் தின்ற சோறு யார் அடுப்பில் வெந்தது என்று அவளை ஒரு கேள்வி கேட்க ஆள் இல்லை. சரி, அவளாவது மேலே நிற்கிறவள், உள்ளே இருப்பவர்களை ஒருநாளும் கண்ணால் பார்க்காதவள். வேர்க்காரிக்குத் தெரியுமே. ஒவ்வொருவரும் தன் உடம்பைத் தட்டி வந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியுமே. எனக்கு இலைக்காரி மேல் உள்ள கோபத்தைவிட இவள் மேல்தான் கோபம் அதிகம்.

இலைக்காரி தன் உடம்பிலிருந்து ஒரு சாற்றைக் கீழே இறக்கினாள். அதுவரை அப்படி ஒன்று அவளிடம் இருப்பதே யாருக்கும் தெரியாது. நிறுத்துச்சாறு. அது வந்து தொட்டதும் கட்டுச்சாறு வற்றிப்போயிற்று. வேர்க்காரி பாகு வருகிற வழியை அடைத்தாள். உள்ளே ஆட்கள் இருக்கும்போதே அறைகளைச் சாத்தினாள். அப்போது அவள் உடம்பிலிருந்து ஒரு வாசம் கிளம்பியது, வாழைத்தார் பழுக்கும்போது வருமே, அந்த வாசம். காய்க்கு அந்த வாசம் வந்தால் பழமாகும். அறைக்கு அந்த வாசம் வந்தால் அறை முடிந்தது என்று அர்த்தம். உள்ளே ஒவ்வொரு அடுப்பாக அணைந்தது.

பொடிச்சி அந்த நேரம் வெளியே இருந்தாள். பக்க வேருக்கு அடுத்த கூட்டத்தை அழைத்துவரப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் அறைகள் சாத்திக் கிடக்கின்றன. தட்டினாள். கூப்பிட்டாள். மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே சத்தம் ஓய்ந்த பிறகு எழுந்து, மீதமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு தூரத்து மண்கட்டிகளுக்குள் போய்விட்டாள்.

மேலே என்ன நடந்தது தெரியுமா? பயற்றங்காடு இடுப்புயரம் எழும்பியது. கொடி மேல் கொடி, இலை மேல் இலை. வழியில் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்து, விருமாயி இந்த வருஷம் பத்துக் கலயம் நிரப்பப்போகிறாள் என்றார்கள். அவளும் நம்பினாள். பிள்ளைகளிடம் சொல்லியும் வைத்தாள். ஐப்பசி முழுக்கத் தழைதான். ஒரு பூ இல்லை. சும்மா கிடைத்த சோற்றைத் தின்று தின்று இலைக்காரிக்குக் காய்க்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

கார்த்திகை பிறந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் வெயில் வந்தபோது மண்ணிலிருந்த சத்தெல்லாம் கரைந்து ஓடையோடு போயிருந்தது. பத்தே நாளில் அடியிலை மஞ்சளானது, அப்புறம் நடுவிலை. இலைக்காரி தங்கையைக் கூப்பிட்டுச் சோறு கேட்டாள். தங்கை கையை விரித்தாள். பயந்துபோய் அவளாகவே கட்டுச்சாற்றைச் சுரந்து பார்த்தாள். அறைகள் எழும்பத்தான் செய்தன. எழும்பி என்ன? உள்ளே போக ஆள் இல்லை. வேர் முழுக்க வெற்று அறைகளாக உருண்டு நின்றன.

விருமாயிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். அந்த அறைகள் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. நுனிப் பக்கம் புதிதாக வெற்று முடிச்சுகள், தண்டடியில் பழைய முடிச்சுகள். பழையதில் ஒன்றை நகத்தால் கீறினாள். பச்சைச் சேறாகக் கொழகொழவென்று வந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அடுத்ததைக் கீறினாள். அதுவும் அப்படித்தான். நடந்ததை வேர்க்காரி அழுதுகொண்டே சொல்ல, விருமாயி கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவள் செடியைக் கீழே போடவில்லை. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். என் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன், கலயம் காலியாகக் கிடக்கிறதே, கடைசி மணி வரை உன்னை நம்பி மண்ணில் போட்டேனே என்று கேட்டாள். கிடை போட்ட தன்னையும் திட்டிக்கொண்டாள்.

பிறகு விருமாயி தூரத்து மண்கட்டிகளின் பக்கம் போய், ஈர மண்ணில் மண்டியிட்டுப் பொடிச்சியைக் கூப்பிட்டாள். பொழுது உச்சிக்கு வந்த பிறகுதான் குரல் வந்தது.

“ஒம் மேல கோவம் இல்லாத்தா. இலைக்காரி ஒன் விதைய வச்சு மெரட்டுனா, நீ கிடை போட்ட. சோறு வேற எடத்துல கெடைக்குதுன்னா எங்களுக்கு என்ன வருத்தம்? வேண்டாம்னு சொல்லியிருந்தா அடுப்ப அணைச்சுட்டு எந்திரிச்சு வந்திருப்போம். உள்ள ஆள வச்சுட்டு அடைச்சாளே. ஒரு வார்த்தை சொல்லலியே. நான் மூணு நாள் வாசல்ல உக்காந்து கேட்டுட்டே இருந்தேன்.”

விருமாயி, எனக்கு ஒரு கலயம் விதை வேண்டாம், ஒரு கையளவு போதும், இந்த இனம் அழியாமல் இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னாள். என்ன செய்யச் சொன்னாலும் இந்த அக்கா தங்கையைச் செய்யவைக்கிறேன் என்றாள்.

பொடிச்சி யோசித்தாள். நானாக இருந்தால் போங்கடி என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். அவள் எழுந்து வந்தாள். வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு வேர்க்காரியிடம் தன் பேச்சை வைத்தாள்.

இனிமேல் நாங்களாக வந்து தட்ட மாட்டோம். வேண்டுமென்றால் நீதான் வாசம் விட்டுக் கூப்பிட வேண்டும், அடைத்தபோது விட்ட வாசம் இல்லை, வேறு புது வாசம். மண்ணில் சோறு கிடக்கும்போது கூப்பிடவே கூடாது, அறை கட்டவும் கூடாது, அடைப்பதற்கென்று ஒரு அறையும் எழும்ப வேண்டாம். கூப்பிட்டு நாங்கள் வந்தால் உன் வேரின் முடி தலைகுனிந்து வளைந்து எங்களை அணைத்து உள்ளே கொண்டுபோக வேண்டும், நிமிர்ந்து நிற்கிற வாசலில் நாங்கள் நுழைய மாட்டோம். அறையின் உள்சுவர் சிவப்பாக இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் செத்த அறை பச்சையாகக் கிடந்தது. வேலை நடக்கிற அறை எது, கொன்ற அறை எது என்று யார் கீறிப் பார்த்தாலும் தெரிய வேண்டும்.

வேர்க்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அப்போது மேலிருந்து இலைக்காரியின் குரல் கேட்டது. மெலிந்த குரல்தான், ஆனாலும் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் இவள் அறை கட்டிக்கொண்டே போனால் நான் ஒருத்தி எத்தனை அடுப்புக்குப் பாகு காய்ச்சுவேன், பிறகு காய்க்க என்னிடம் என்ன மிஞ்சும் என்று கேட்டாள்.

பொடிச்சி அண்ணாந்து பார்த்தாள். “அத மொதல்லயே கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஒன்னால முடிஞ்ச அளவுக்கு அறை எழும்பட்டும். போதும்னா அந்த நிறுத்துச்சாற அப்ப எறக்கு. புது அறை எழும்பாது. உள்ள இருக்கிறவுக மேல மட்டும் கைய வைக்காத.”

அப்படித்தான் பேச்சு முடிந்தது. வேர்க்காரி வாசம் விட்டாள். வேரின் மெல்லிய முடிகள் ஒவ்வொன்றாக வளைந்தன. பொடியர் ஒவ்வொரு முடிக்குள்ளும் நுழைந்து, கட்டுச்சாறு பரவிய இடத்தில் புதிதாக எழும்பிய அறைகளுக்குப் போனார்கள். வேர்க்காரி தன் உடம்பிலிருந்து சிவப்பைக் கசியவிட்டுச் சுவருக்குப் பூசினாள். பூசிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் சிவப்பு காற்றை அளந்து உள்ளே விட்டது, அடுப்பு முன்பைவிட நன்றாக எரிந்தது. கொஞ்சம் அறைகள் எழும்பியதும் இலைக்காரி போதும் என்றாள். அத்தோடு நின்றது.

ஆனால் பருவம் பிந்திவிட்டதே. முக்கால்வாசிச் செடி அதற்குள் காய்ந்துபோயிருந்தது. ஓடை ஓரத்தில் நின்ற சில கொடிகளில்தான் தையில் பூத்தது, மாசியில் காய்த்தது. பிள்ளைகள் அந்த வருஷம் பயறு வாயில் வைக்கவில்லை. விருமாயி காய்ந்த நெற்றுகளை உடைத்து எண்ணாமல் அள்ளிப் பார்த்தாள். சரியாக ஒரு கையளவு இருந்தது. சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டபோது கலயத்தின் அடி மறையவில்லை. இன்று உலகத்தில் இருக்கிற தட்டாம்பயறு முழுக்க அந்த ஒரு கை விதையிலிருந்து வந்ததுதான்.

அடுத்த சித்திரையில் சேர்மக்கோன் வந்தார். கேட்கவில்லை, சோளக்காட்டுக்கு மட்டும் ஆடுகளைத் திருப்பினார்.

செடிகள் இந்தப் பேச்சை இன்றுவரை மீறவில்லை. மீறுகிறவர்கள் யார் தெரியுமா? நாம்தான். மண் இளைத்திருக்கிறது என்று பயறு பொடியரைக் கூப்பிட்டு, தலைகுனிந்து உள்ளே அழைக்கிறது. அடுப்பு எரிகிற நேரம் பார்த்து, நாம் தழை போதவில்லை என்று மூட்டையைப் பிரித்து வெள்ளை உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். கொட்டிவிட்டு, செடி காடாக வளர்ந்தது, காய்தான் இல்லை என்று பயற்றைத் திட்டுகிறோம். பொடிச்சி வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளை நாம் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குத் திரும்பக் கொடுக்கிறோம். எனக்கு எரியாமல் என்ன செய்யும்?

சத்துள்ள மண்ணில் பயறு முடிச்சுக் கட்டாமல் வெறும் வேராக நிற்பதும், இளைத்த மண்ணில் வாசம் விட்டுக் கூப்பிட்டு வேர்முடி வளைந்து வரவேற்பதும், எத்தனை முடிச்சு என்பதை இலை சொல்ல வேர் கேட்பதும் அன்று முதல்தான். நம்பாவிட்டால் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, மண்ணைப் போட்டு மூடிவிட்டு வாருங்கள். பச்சையாக இருந்தால், உள்ளே ஆள் இருந்தார்கள், யாரோ ஒரு வார்த்தை சொல்லாமல் அடைத்திருக்கிறார்கள்.